சொன்னதைச் செய்யும் வஸீர்

என்னை உட்காரச் சொல்லாதீர்கள். மூன்று நாளாக நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. கருவடிக்குப்பத்தில் எங்கள் மாடி வராந்தா பதினெட்டுத் தப்படி நீளம். அந்தக் கோடிக்குப் போகிறேன், திரும்புகிறேன், மறுபடியும் போகிறேன். கீழ்வீட்டுப் பெண் காய் வாங்க வந்தவள் நின்று பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, கால் வலிக்கலயா?" என்று கேட்டாள். வலிக்காமல் என்ன? நம் வயதில் வலிக்காத இடம் எது என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் உட்கார்ந்தால் எதிரே அந்த அட்டைப்பெட்டி தெரிகிறது. அதனால் நான் நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் சௌகரியமாக உட்கார்ந்து கேளுங்கள்.

என் வயதுக்காரர்கள் நீங்கள், அந்தக் காலத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. கொடி மாறிவிட்டது, போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி மட்டும் மாறவில்லை. நம் தெருவிலேயே அண்ணன் பிரான்சு பிரஜை, தம்பி இந்தியப் பிரஜை என்று ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் என்றால் என்ன என்று பெரியவர்கள் ஓயாமல் பேசியதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. பெரியவர்களுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் அத்தா நொத்தேர் ஆபீசில் எழுத்தர். சொத்துப் பத்திரங்களைப் பிரெஞ்சில் நகல் எடுக்கும் வேலை. முத்து முத்தான கையெழுத்து. வீட்டில் அத்தா, அம்மா, நான், தவழ்கிற வயதில் தம்பி, பிறகு மாமி. மாமி என்றால் அத்தாவின் தங்கை. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அத்தாவுக்குப் பத்திரத்தில் வருகிற பிரெஞ்சுதான் வரும். மாமிக்குச் சண்டை போடுகிற அளவுக்கு வரும்.

மாமியை ஒரு சொல்தாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நாம் அப்படித்தானே சொல்வோம். நிக்காஹ் முடிந்து மூன்று மாதத்தில் அவர் பிரான்சுக்குப் போனார். ஒரு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோனது. அங்கிருந்து லீவில் வந்த ஒருவர், அவருக்கு அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பிஸ்கட் டப்பா ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். மாமி அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. அந்த மனிதர் மாமியைக் கூப்பிட்டுக்கொள்ளவும் இல்லை, தலாக் சொல்லி விடவும் இல்லை. ஏழு வருஷம். மாமிக்கு அப்போது இருபத்தேழோ இருபத்தெட்டோதான் இருக்கும். இன்று அந்த வயதுப் பெண்களைப் பார்த்தால் எனக்குக் குழந்தைகளாகத் தெரிகிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. சோறு போடாமல் விட்டுப்போனவனின் நிக்காஹ்வை முறித்துக் கொடுக்கலாம், அதற்கு பஸ்கு என்று பெயர். பள்ளிவாசல் ஹஜ்ரத் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் எங்கள் ஜமாஅத்தில் எந்தக் காகிதமானாலும் நாட்டாண்மையின் முத்திரை விழ வேண்டும். நாட்டாண்மை வயசாளி, எதற்கும் பயப்படுகிறவர். மாமி போய் நிற்கும்போதெல்லாம் "பொறும்மா, பொறு" என்பார். மாமி வீட்டுக்கு வந்து சமையலறைக்கும் கொல்லைக்கும் நடப்பார். நடக்கும்போது கொண்டையிலிருந்து ஊசிகள் விழும். அவற்றைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை.

என் இன்னொரு வேலை பக்கம் வெட்டுவது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சடித்த பெரிய தாளை மடித்து அப்படியே தைத்துவிடுவார்கள். மடிப்பை வெட்டினால்தான் உள்ளே இருக்கும் பக்கங்கள் திறக்கும். ஆபீசில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அத்தாவுக்கு ஒரு கனத்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பழைய காலத்து அரபு அறிஞர் ஒருவர், அரசு என்றால் என்ன, ஆள்பவன் யார், அவனை யார் தேர்ந்தெடுப்பது, அவன் தப்புச் செய்தால் என்ன செய்வது என்று எழுதியதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. கொடுத்தவர் ஒரு பக்கம்கூட வெட்டியிருக்கவில்லை.

அத்தாவுக்கு அது பெரிய வைபவம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டிக்கடை நீள ரொட்டியும் டீயும் ஆனதும், எலும்புக் கத்தியை எடுத்து என்னிடம் கொடுப்பார். ஒரு ஜாண் நீளம், பால் நிறம், பிடியில் ஒரு கீறல். நான் ஒரு மடிப்பு வெட்ட வேண்டும், அவர் அந்த வாரம் முழுக்க அதைப் படிப்பார். படித்து முடித்த பக்கத்தின் கீழ் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போடுவார். பத்திரம் சரிபார்க்கிற பழக்கம். கோடு இல்லாத பக்கம் அவர் படிக்காத பக்கம். அந்தக் கத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. அதன் வழவழப்பு இன்னும் என் கட்டைவிரலில் இருக்கிறது.

படித்ததைச் சாப்பாட்டு வேளையில் எங்களுக்குச் சொல்வார். அவருக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஒரே விஷயம்தான்.

"ஆட்சிங்கறது ஒரு பத்திரம். ரெண்டு தரப்பு. ஒருத்தர் நீதி குடுக்கணும், ஜனங்க கீழ்ப்படியணும். நாடு ஆள்றவனோட சொத்து கெடையாது, அமானிதம், அவங்கிட்ட ஒப்படைச்சி வச்சது. கட்டவும் அவிழ்க்கவும் தெரிஞ்ச பெரியவங்க கூடி, தகுதியானவன் கையப் புடிச்சி ஒப்புக்குடுப்பாங்க. அந்தக் கை புடிக்கிறதுதான் கையெழுத்து."

மாமி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார். "பத்திரத்துல ஒரு தரப்பு மீறினா?"

"பத்திரம் செல்லாது."

"நிக்காஹ்வும் பத்திரம்தானேண்ணே? ஒரு தரப்பு பிரான்சுல போயிக் குந்திக்கினா?"

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மாதான் பேச்சை மாற்றினார். "அதெல்லாம் கெடக்கட்டும். இந்த வீட்டு அரசாங்கத்துல நான் யாருன்னு உங்க கிதாபுல போட்டிருக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அத்தா தப்பித்தார்.

வீட்டுக்கு ஒரு அரசாங்கம் வைக்கிற விளையாட்டு அப்படித்தான் ஆரம்பித்தது. பக்கம் வெட்டுவதால் அத்தா என்னை வஸீர் ஆக்கினார். வஸீர் என்றால் மந்திரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னேன். அடுத்த வாரமே அத்தா அடுத்த மடிப்பைப் படித்துவிட்டு, வஸீரில் இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒருவர் தானே யோசித்து முடிவெடுத்துச் செய்கிறவர். இன்னொருவர் சொன்னதைச் செய்கிறவர், அவ்வளவுதான்.

"நான் எது அத்தா?"

"நீ ரெண்டாவது."

"எனக்கு மொதலாவது வேணும்."

அத்தா கடகடவென்று சிரித்தார். "அச்சச்சோ, போச்சு! பதவிய வாய்விட்டுக் கேட்டுட்டியே. கேக்கறவங்களுக்குக் குடுக்கறதில்லன்னு நபிகளார் காலத்துலேந்து வழக்கம். கேக்காம இருந்திருந்தா குடுத்திருப்பேன்."

அவருக்கு அது வேடிக்கை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கேட்காமல் இருந்தால் எனக்கு வேண்டும் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? அன்றோடு கத்தியைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கத்தியை நீட்டினால் வயிற்றுவலி. அடுத்த ஞாயிறு தலைவலி. அத்தா, "வஸீர் கோவமா இருக்காரு. அவரு வெட்டற வரைக்கும் நான் படிக்கப் போறதில்ல" என்று புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். விளையாட்டில்கூட அவர் சட்டத்தை மீற மாட்டார். அதுதான் அவரிடம் இருந்த நல்ல குணம், கெட்ட குணமும் அதுவேதான்.

அந்தச் சமயத்தில்தான் வயசாளி நாட்டாண்மை மௌத்தானார். ஐப்பசி பிறந்து மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டும். ஒருத்தருக்கும் தூக்கம் சரியில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த அடுத்த ஜும்மாவில் புது நாட்டாண்மையைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. அந்த நாற்பது நாளும் தெருவே நிலைகொள்ளாமல் இருந்தது.

நாட்டாண்மைக்கு ஆசைப்பட்டவர் மரம் விற்கிற மரவாடிக்காரர். வீடு வீடாகப் போனார். போகிற வீட்டிலெல்லாம் உட்கார்ந்து டீ குடித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மையத்து எடுக்கிற வீடுகளில் முதல் ஆளாக நிற்பவர். ஆனால் மாமியை விட்டுப்போன சொல்தாவுக்கு அவர் பெரியப்பா மகன். அவர் முத்திரை வைத்து மாமியின் நிக்காஹ்வை முறிப்பார் என்று குழந்தைகூட நம்பாது. அவர் வந்தால் மாமியின் கதை முடிந்தது. அது எங்கள் வீட்டில் பூனைக்கும் தெரியும்.

தெருக்காரர்களில் பாதிக்கு மேல் அத்தாவைத்தான் விரும்பினார்கள். தையல்காரரும் மதரஸா உஸ்தாதும் சாயங்காலங்களில் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். "நீங்க ஒரு வார்த்த சரின்னு சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்பார் தையல்காரர். அத்தா தலையை ஆட்டுவார். "அவரு கேக்கறாரு, அதனால அவருக்குத் தகுதி இல்ல. நானும் கேட்டா, எனக்கும் இல்ல." உஸ்தாத் அத்தாவின் தோளைத் தட்டிப் பாராட்டுவார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மாமியின் மூச்சு எனக்குக் கேட்கும். அத்தாவின் வலது கால் நாற்காலிக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆசைப்படாத மனிதருக்குக் கால் ஏன் அப்படி ஆட வேண்டும் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமி அத்தாவின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். நான் வெட்டாமல் விட்ட மடிப்பை விரலால் அகட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழாய்க்குள் பார்ப்பது போல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க மாமி?"

"உங்க அத்தாவோட அரசாங்கம் உள்ள எப்டி இருக்குன்னு பாக்கறேன்."

"எப்டி இருக்கு?"

"இருட்டா இருக்கு. எங்க அந்தக் கத்தி?"

நான் கத்தியைத் தம்பியின் தொட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். "தெரியாது" என்றேன். சொன்னேனே, கோபம். மாமி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு புத்தகத்தோடு உள்ளே போய்விட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அத்தா ஆபீஸ் விட்டு வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் மாமி வாசலுக்கு வந்துவிட்டார். நான் முதன்முதலாக மாமி அத்தாவிடம் குரல் உயர்த்தியதைக் கேட்டது அன்றுதான்.

"அண்ணே, நாளைக்கு உங்க பேரச் சொல்லுவாங்க. சரின்னு மட்டும் சொல்லுங்க. நீங்க கேக்க வேணாம். அவங்க கேக்கறப்போ வேணாங்காம இருந்தாப் போதும்."

"உனக்காகத்தான் நாட்டாண்மை ஆனேன்னு ஊரு சொல்லாது? சொந்தத் தங்கச்சிக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கறவன் நீதிமானா?"

"நீங்க எழுத வேணாம். என் வழக்க மட்டும் பக்கத்தூரு கோட்டக்குப்பத்து ஹஜ்ரத்துகிட்ட ஒப்படைங்க. அவரு இன்னா சொன்னாலும் ஒத்துக்கறேன்."

"வாய் இருக்கறவன் எதுவும் பேசுவான்மா."

"சொந்தக்காரன் ஆச்சேன்னு மரவாடிக்காரருக்கு வெக்கமில்ல. உங்களுக்கு மட்டும் இன்னாண்ணே வெக்கம்?"

அத்தா சைக்கிளை மறுபடி நகர்த்தி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. "புத்தகத்த உங்க மேசமேல வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார். அத்தாவும் உள்ளே போனார். நான் தெருவில் நொண்டியாட்டம் ஆடப் போய்விட்டேன். அதற்கப்புறம் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் மூன்று நாள் முன்பு வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாமி குளித்து, வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு, கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். என்னைக் கூப்பிட்டார். "மதரஸா ஜன்னல்லேந்து உள்ள நல்லாத் தெரியும். நீ போயிப் பாத்துட்டு ஓடியா. ஒண்ணு விடாம சொல்லணும்." மதரஸா அறை பள்ளிவாசலை ஒட்டினாற்போல் இருந்தது. பெஞ்சின் மேல் ஏறி ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றேன். கம்பியின் துரு வாசனை மூக்கில் ஏறியது.

தொழுகை முடிந்ததும் யாரும் எழவில்லை. ஹஜ்ரத் எழுந்து, "இந்த அமானிதத்த யார்கிட்ட ஒப்படைக்கலாம்?" என்று கேட்டார். தையல்காரர் சட்டென்று அத்தாவின் பெயரைச் சொன்னார். உஸ்தாத் ஆமோதித்தார். நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. மரவாடிக்காரரின் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி, பெயர் சொல்லப்பட்டவர் சம்மதம் என்று சொல்லிக் கையை நீட்ட வேண்டும். ஹஜ்ரத் அதைப் பிடித்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பிடிப்பார்கள். மூன்று தடவை கேட்பார்கள். மூன்றிலும் மறுத்தால் அப்புறம் வற்புறுத்தக் கூடாது.

"சம்மதமா?"

அத்தா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "நான் தகுதியில்லாதவன்" என்றார். கூட்டத்தில் ஒரு முனகல்.

"ரெண்டாந் தடவயா கேக்கறேன். சம்மதமா?"

"நான் கேக்கல ஹஜ்ரத். எனக்கு வேணாம்."

அந்த நேரம் பார்த்து நாற்பது நாளாக ஏமாற்றிய மழை ஓட்டின்மேல் கொட்ட ஆரம்பித்தது. வாசலில் செருப்பை விட்டிருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து குடையை எடுத்தார். எல்லாருக்கும் அவசரம் வந்துவிட்டது. மூன்றாம் தடவை ஹஜ்ரத் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, ஆனால் அவர் நீட்டிய கை தெரிந்தது. அந்தக் கை காற்றில் நின்றது. அத்தா தன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். குளிரில் நிற்கிறவர் மாதிரி. கடைசியில் ஹஜ்ரத் கையைத் தாழ்த்தினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "இப்படி ஒரு பேணுதலான மனுசன இந்தக் காலத்துல பாக்க முடியுமா?" என்றார். எல்லாரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். பிறகு மரவாடிக்காரர் எழுந்து வந்து தானாகவே கையை நீட்டினார். மழை வலுக்குமுன் வீடு போக வேண்டியவர்கள் வரிசையில் வந்து அந்தக் கையைப் பிடித்தார்கள்.

நான் மழையில் ஓடினேன். ஓடும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஹஜ்ரத்தே அழுதார், எங்கள் அத்தாவைப் பார்த்து! சொட்டச் சொட்ட வாசலில் நின்று கத்தினேன்.

"மாமி! அத்தா வேணாம்னுட்டாங்க! எல்லாரும் அத்தாவ எவ்ளோ புகழ்ந்தாங்க தெரியுமா?"

மாமியின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. "எத்தன தடவ கேட்டாங்க?"

"மூணு தடவயும் கேட்டாங்க. மூணு தடவயும் வேணாம்னாங்க!" விரல் விட்டுக் காட்டினேன்.

"சரி. தலயத் தொவட்டு, சளி புடிக்கும்" என்றார் மாமி.

அவர் அழவில்லை. என் தலையை அவரே துவட்டினார். துப்பட்டியின் நுனியால், ரொம்ப நேரம், வலிக்கிற அளவுக்கு. அத்தா மழை விட்டு வந்ததும் பாராட்டும் இல்லை, சண்டையும் இல்லை. மாமி அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னார்: "உங்க அத்தாவ சாப்பிடச் சொல்லு."

அதோடு சரி. அதன் பிறகு அத்தா மௌத்தாகும் வரை இருபத்திரண்டு வருஷம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மாமி அத்தாவோடு ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை, அண்ணே என்று கூப்பிடவும் இல்லை. நான் கட்டிக்கொண்டு போகும் வரை என் மூலமாக, அப்புறம் என் தம்பி மூலமாக. "உங்க அத்தாகிட்ட சொல்லு, மருந்து தீந்துபோச்சு." "உங்க அத்தாகிட்ட சொல்லு, மழ வருது, கொட எடுத்துக்கச் சொல்லு." அக்கறை இருந்தது, பேச்சுதான் இல்லை. தெருவில் எல்லாரும் மாமியைத்தான் குறை சொன்னார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் இப்படியா என்று. நானும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

மரவாடிக்காரர் நல்ல நாட்டாண்மையாகவே இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யப் புதுத் தொட்டி கட்டினார், மதரஸாவுக்கு விசிறி போட்டார். மாமியிடம் மட்டும் "பொறு தாயீ, அவன் வருவான்" என்றார். அவன் வரவில்லை. மாமி சொல்தாக்களின் குடும்பங்களுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுத்தார். கான்சுலேட்டில் மாமியின் கையெழுத்தைப் பார்த்தாலே யார் எழுதியது என்று சொல்வார்களாம். ஊருக்கெல்லாம் எழுதினார். தனக்கு எழுதிக்கொள்ள அவருக்கு ஒரு முகவரிகூட இல்லை. அத்தாவுக்கு ஒன்பது வருஷம் கழித்து மாமியும் போய்ச் சேர்ந்தார். பள்ளிவாசல் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் "இன்னாரின் மனைவி" என்று அந்த மனிதரின் பெயரைப் போட்டு எழுதினார்கள். மூன்று மாதம் வாழ்ந்ததற்கு.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்த வருஷம், பெண்களுக்கான பயான் கூட்டம் ஒன்றில் மார்க்கம் படித்த வெளியூர் ஆலிமா ஒருவர் பேசினார். பதவியைக் கேட்காதே என்பது சரி, ஆனால் ஊரில் தகுதியானவர் ஒரே ஒருவர்தான் என்றால் ஒதுங்கிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை, அப்போது முன்னால் வருவது அவருக்குக் கடமையாகிவிடும் என்று பழைய அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றார். அத்தாவின் புத்தகத்தில் அது இருந்திருக்குமே! எங்கே இருந்திருக்கும்? நான் வெட்டாமல் விட்ட மடிப்பில்தான். மாமி இருட்டாக இருக்கிறது என்று சொன்ன மடிப்பில். நான் வெட்டியிருந்தால் அத்தா படித்திருப்பார். படித்திருந்தால் சட்டத்தை மீறுகிற மனிதரா அவர்? கையை நீட்டியிருப்பார். மாமி யாரையாவது கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, கத்திக் கூப்பாடு போட்டு, நம்மைப்போல் சாதாரணமாகக் கிழவியாகியிருப்பார்.

ஒரு பத்து வயதுப் பெண்ணின் கோபம் ஒரு வாழ்க்கையைத் தின்றுவிட்டது என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தைத் தேடிப் பார்க்கவும் பயம். அது தம்பி வீட்டுப் பரணில் கிடந்தது, நான் கேட்கவே இல்லை. கேட்பது எனக்கு எப்போதுமே வராது என்பது உங்களுக்குத் தெரியும். தலைமை ஆசிரியைப் பதவிக்கு என்னை விட இளையவர்கள் விண்ணப்பம் போட்டுப் போனபோது நீங்கள் எல்லாரும் திட்டினீர்கள். நான் பேணுதல் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். எங்கே கற்றுக்கொண்டேன் என்று இப்போது புரிகிறதா?

மூன்று நாள் முன்பு தம்பி மகன் வந்தான். பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். "அத்த, இதெல்லாம் நன்னாவோட புக்ஸு. எடைக்குப் போட மனசு வரல" என்று தாத்தாவின் புத்தகங்கள் இருந்த ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனான். பெட்டியைத் திறந்ததும் முதலில் தும்மல் வந்தது. அடியில் அது இருந்தது. கனம் அப்படியே. உட்கார்ந்துதான் பிரித்தேன், கடைசியாக உட்கார்ந்தது அப்போதுதான்.

ஆரம்பத்தில் என் வெட்டுகள். நூல் பிடித்த மாதிரி நேராக. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் அத்தாவின் பென்சில் கோடு. வஸீரில் இரண்டு வகை என்கிற பக்கம் வந்தது, அதிலும் கோடு. அதோடு என் வெட்டு முடிந்தது. அடுத்த மடிப்பு மூடியிருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன்.

மூடியிருக்கவில்லை. கத்தியால் வெட்டியது அல்ல. கூர்மையான எதையோ விட்டு அவசரமாக இழுத்த மாதிரி பல்லு பல்லாகக் கிழிந்திருந்தது. உள்ளே நடுவில் ஒரு கொண்டை ஊசி. துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. அது ஒரு வரிக்கு நேராக வைக்கப்பட்டிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் நாலு தடவை படித்தேன். ஆலிமா சொன்ன அதே விஷயம். தகுதியானவர் ஒருவரே என்றால், அவர் கேட்டாவது ஏற்க வேண்டும், விலகுவது அவருக்கு ஆகாது.

மாமி படித்திருக்கிறார். படித்து, ஊசி வைத்து, மேசைமேல் வைத்திருக்கிறார். சரி, அத்தா பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்தேன். பாருங்கள், அந்த நொடியிலும் அவருக்குத்தான் வக்காலத்து. பிறகு கண் கீழ் மூலைக்குப் போனது.

கோடு இருந்தது. சின்னதாக, நேராக, எல்லாப் பக்கத்திலும் இருப்பது போலவே. அதற்கு அடுத்த மடிப்பிலிருந்து புத்தகம் முடிகிற வரை ஒரு பக்கமும் வெட்டப்படவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் தெருவில் நொண்டியாட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் அதைப் படித்திருக்கிறார். பென்சிலை எடுத்துக் கோடும் போட்டிருக்கிறார். மறுநாள் மூன்று தடவை கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஊர் என்ன சொல்லுமோ என்கிற பயம். வேறொன்றும் இல்லை. அதற்குத்தான் ஹஜ்ரத் அழுதார், அதற்குத்தான் நான் மழையில் ஓடினேன். எனக்குக் கோபம் வருகிறது. அவரை இன்னும் நேசிக்கிறேன், அதனால் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. மாமி கடைசி வரை யாரிடமும் அந்தப் பக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அண்ணனின் நல்ல பெயரைக் காப்பாற்றியிருக்கிறார், அவரோடு பேசாமலேயே.

நேற்றுக் காலை ஆட்டோ பிடித்துப் பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போனேன். இப்போதைய நாட்டாண்மை மரவாடிக்காரரின் பேரன்தான். நம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனி வைத்திருக்கிறான், மரியாதையான பிள்ளை. நாற்காலி போட்டான். நான் நின்றுகொண்டே சொன்னேன். பதிவேட்டில் என் மாமியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற "இன்னாரின் மனைவி"யை எடுத்துவிட்டு, "இன்னாரின் மகள்" என்று அவர் தகப்பன் பெயரைப் போட வேண்டும்.

"ஆன்ட்டி, அதெல்லாம் பழைய ரெக்கார்டு. அதுல கை வைக்கறதுன்னா கமிட்டியில கேக்கணும். அவங்களே இல்ல, இப்ப யாரு கேக்கறாங்கன்னு போடறது?"

"நான் கேக்கறேன்னு போடு தம்பி."

அவன் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினான். விண்ணப்பதாரர் என்று ஒரு கட்டம். அறுபத்தெட்டு வயதில் முதல்தடவையாக அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், பத்திரத்தை ஒரு தரப்பு மீறிவிட்டது என்று எழுதினேன். அவன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

நாளை ஜும்மாவுக்குப் பிறகு கமிட்டி கூடுகிறது. பெண்கள் வேண்டுமானால் மதரஸா அறையில் இருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்றான். அந்த ஜன்னலில் ஒருதடவை நின்றாயிற்று என்றேன். உள்ளே எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அங்கே போய் உட்காருகிறேன்.